பண்டத்தரிப்பில் ஏறினால் நல்லூரில் நடக்கலாம்

தமிழ்நாட்டில் பஸ் நிற்கும் இடத்தில் 'பேருந்து நிறுத்தம்' என்று எழுதி வைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் அதே பலகை 'பஸ் தரிப்பிடம்' என்று சொல்லும். கார், மோட்டார் சைக்கிள் விடுகிற வெளிக்கு 'வாகனத் தரிப்பிடம்'. நிறுத்துவது வேறு, தரிப்பது வேறு. நிறுத்துவதற்கு பிரேக் போதும். வந்தவர் சுமை இறக்கி, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, நாலு கதை கதைத்து, பிறகு வெளிக்கிடுவதுதான் தரிப்பு.

இந்தச் சொல்லைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர் ஒன்று யாழ்ப்பாணக் குடாநாட்டு வலிகாமத்தின் வடமேற்கில் இருக்கிறது. பண்டங்கள் வந்து தரித்ததால் பண்டத்தரிப்பு என்பது ஊரார் சொல்லும் விளக்கம். வரைபடத்தை விரித்தால் விளக்கம் பொருந்தித்தான் வருகிறது. வடக்கே மாதகல் கரை, மேற்கே நாட்டு வைத்தியத்துக்கும் கதிரை மாதா கோயிலுக்கும் பெயர்போன சில்லாலை, கிழக்கே இளவாலை, தெற்கே சண்டிலிப்பாயும் சங்கானையும். கடலில் இருந்து வரும் மீனும் தோட்டத்தில் இருந்து வரும் வெங்காயமும் சந்தித்துக்கொள்ள இப்படியொரு சந்தி வேண்டும்தானே?

அந்தச் சந்தியில் இன்றைக்கு ஒருவர் ஆறுதலாகத் தரித்து நின்று பார்க்கட்டும். இரண்டு நிமிடம் போகாது. பின்னால் ஓட்டோ ஹோர்ன் அடிக்கும். விலகினால் மோட்டார் சைக்கிள். அதற்கும் விலகினால் பஸ். கடைசியில் ஏதோ ஒரு கடையின் படியில் ஏறி நிற்க வேண்டியதுதான். நடந்து வருகிற ஆள் எப்போதும் தெருவின் ஓரத்துக்கு ஓரம்.

உலகத்தின் பழைய நகரங்கள் பலவற்றில் வண்டி நுழையாத, நடக்கிறவர்களுக்கே உரிய தெரு ஒன்று இருக்கும். பண்டத்தரிப்பில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் இங்கே பஸ் ஏறி, ஏறக்குறைய 16 கிலோமீற்றர் போய் இறங்கினால், ஆண்டில் 25 நாளுக்கு மேல் அப்படியொரு தெரு கிடைக்கும். நல்லூர் கந்தசுவாமி கோயிலின் வெளிவீதிதான் அது. போகிற வழியில் கொண்டக்டர் கூப்பிடும் பெயர்களைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால், வலிகாமத்துத் தெருக்கள் எல்லாமே ஒரு காலத்தில் நடக்கிறவர்களுக்காகவே அமைந்தவை என்பதும் தெரியவரும்.

*

சண்டிலிப்பாய், மானிப்பாய், ஆனைக்கோட்டை தாண்டி பஸ் நகருக்குள் வரும்போது, "ஆறுகால்மடம் இறக்கம் இருக்கோ?" என்று ஒரு குரல். சற்றுப் போனதும் ஓட்டுமடம். இன்னொரு வழியால் வந்தால் கந்தர்மடம். இறங்குகிற பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த 'மடம்' எங்கே என்று தேடியிருப்பார்கள்? வழிப்போக்கர் தங்கிப் போவதற்காகத் தெருவோரம் கட்டப்பட்டவைதான் மடங்கள். நடந்து வந்தவர்கள் தரித்த அதே பெயர்களில்தான் இன்றைக்கு பஸ்கள் தரிக்கின்றன.

மடம் தனியே நிற்பதில்லை. பக்கத்தில் கிணறு இருக்கும், பெரும்பாலும் ஒரு கோயிலும் இருக்கும். மாடுகள் தண்ணீர் குடிக்கக் கேணி வெட்டியிருப்பார்கள். நுகத்தடி அழுத்திய கழுத்தையும் முதுகையும் மாடு உரசிச் சொறிந்துகொள்ள ஒரு கல்லை நட்டிருப்பார்கள். அதற்குப் பெயர் ஆவுரோஞ்சிக் கல். மாட்டுக்கு முதுகு கடிக்கும், அதற்குச் சொறிய ஒரு கல் வேண்டும் என்று யோசித்துத் தெரு அமைத்தவர்கள் அவர்கள்.

எல்லாவற்றிலும் நுட்பமானது சுமைதாங்கி. பார்வைக்கு மிகச் சாதாரணம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காக வைத்தால் முடிந்தது. உயரம் ஓர் ஆளின் தோள் மட்டு. ஏன் தோள் மட்டு? தலையில் கடகத்தோடு சந்தைக்குப் போகிற ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். களைத்துப் போய்க் கடகத்தை நிலத்தில் இறக்கிவிட்டால், திரும்பத் தலையில் ஏற்ற இன்னோர் ஆள் வேண்டும். தனியே வருகிறவளுக்கு யார் தூக்கிவிடுவது? தோளுயரத்தில் ஒரு கல் இருந்தால் தலையைச் சற்றுச் சரித்துக் கடகத்தை அதன்மேல் தள்ளிவிடலாம். இளைப்பாறியபின் அதே மாதிரித் தலைக்கு இழுத்துக்கொள்ளலாம். ஒருவர் தயவும் தேவையில்லை.

கருவுற்றிருக்கையிலோ பிரசவத்திலோ இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது வழக்கம். இறக்கி வைக்காமலே போன ஒருத்தியின் பெயரால், போகிற வருகிற எல்லாரும் தங்கள் சுமையை இறக்கி வைத்தார்கள்.

*

பண்டத்தரிப்புக்கு நடந்து வந்தவர்களில் வியாபாரிகள் மட்டும் இல்லை. 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயர் வலிகாமத்தைக் கோயிற்பற்றுகளாகப் பிரித்தார்கள். அவற்றில் பண்டத்தரிப்பும் ஒன்று. கோயிற்பற்று என்றால் ஒரு தேவாலயம், அதைச் சுற்றிய ஊர்கள், அவ்வளவு பேரும் வந்து சேர்வதற்கு ஒரு வழி. 1658இல் ஒல்லாந்தர் வந்தபோது தேவாலயங்களை அப்படியே எடுத்துக்கொண்டு தங்கள் சமயத்துக்கு மாற்றினார்கள். அவர்களுடைய பாதிரியார் பிலிப்பஸ் பல்தேயஸ் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட பெரிய நூலில் யாழ்ப்பாணத்துக் கோயிற்பற்றுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும்போது பண்டத்தரிப்பும் வருகிறது.

ஒல்லாந்தரும் போன பிறகு கட்டடங்கள் இடிந்து கிடந்தன. 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமாருக்கு ஆங்கில அரசு கொடுத்தவை அந்தப் பழைய தேவாலய வளவுகள்தான். 1820இல் பண்டத்தரிப்பு வளவுக்கு வந்து சேர்ந்தவர் ஜோன் ஸ்கடர். நியூயோர்க்கில் நன்றாக நடந்துகொண்டிருந்த வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு மனைவி ஹரியற்றோடு கப்பலேறியவர் அவர். அமெரிக்காவில் இருந்து வெளிநாட்டுக்குப் போன முதலாவது மருத்துவ மிசனரி என்று வரலாற்றில் எழுதப்படும் மனிதர் நோயாளிகளைப் பார்த்தது பண்டத்தரிப்பில். பிற்காலத்தில் தமிழ்நாட்டில் பெயர் பெற்ற அவருடைய மகன் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் பிறந்ததும் இங்கேதான், 1822இல். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், ஜோன் ஸ்கடரின் பேத்தி. வேலூருக்கு வைத்தியத்துக்காகப் போய்வருகிற யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல. அந்தக் கதையின் முதல் ஏடு தங்கள் ஊர்த் தெருவில் இருக்கிறது என்பது அவர்களில் சிலருக்காவது புதிதாக இருக்கும்.

1820இல் ரயில் இல்லை, பஸ் இல்லை. மாட்டு வண்டி வசதியுள்ளவர்களுக்கு. மற்றவர்கள் கால் நடையாக வந்தார்கள், நடக்க முடியாதவர்களைச் சுமந்து வந்தார்கள். பண்டத்துக்காக ஏற்பட்ட தரிப்பில் நோயாளிகளும் வந்து தரிக்கத் தொடங்கினார்கள்.

*

பெருந்தெருவில் இப்படி என்றால் ஒழுங்கைகளில் இன்னும் நெருக்கம். இரண்டு பக்கமும் கிடுகு வேலி, நடுவில் மணல், ஒருவர் வந்தால் மற்றவர் ஒதுங்க வேண்டிய அகலம். குச்சொழுங்கை என்றால் அதிலும் ஒடுக்கம். இப்படிப்பட்ட இடத்தில் எதிரே வருகிறவரைக் காணாதது போலப் போக முடியாது. கேள்வி கட்டாயம் வரும்.

"எங்கை தம்பி வெளிக்கிட்டாச்சு?"

"உதிலதான் அண்ணை, சந்தி மட்டும்."

கேட்டவருக்கு விவரம் தேவையில்லை, சொன்னவரும் விவரம் சொல்லவில்லை. ஆனாலும் இந்த இரண்டு வசனமும் இல்லாமல் ஒழுங்கையைக் கடந்தால் மறுநாள் "உவனுக்கு என்ன பிடிச்சது?" என்று கதை வரும்.

வசதியான வீடுகளின் வாசலில் சங்கடப்படலை இருந்தது. படலைக்கு மேலே இரு பக்கமும் சாய்ந்த சிறு கூரை, அதன் கீழே இருப்பதற்குத் திண்ணை. வெயிலுக்கோ மழைக்கோ வழிப்போக்கர் யாரும் ஒதுங்கலாம், வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. மண்பானையில் தண்ணீர் வைத்த வீடுகளும் உண்டு. வீட்டின் எல்லை படலையோடு முடியாமல் தெருவுக்கு ஒரு முழம் நிழல் கொடுத்துவிட்டு முடிந்தது. கிடுகு வேலி போய் மதில் வந்தபோது படலை இரும்புக் கேற் ஆனது. நிழலும் மதிலுக்கு உள்ளே போய்விட்டது.

பெடியளுக்கு மதகு மட்டும் மிஞ்சியது. பின்னேரம் நாலு பேர் மதகில் இருந்து கதைப்பது யாழ்ப்பாணத்தின் நீண்டகாலப் பொழுதுபோக்கு. பெரியவர்கள் அதைத் திட்டாத நாளில்லை, அவர்களும் தங்கள் காலத்தில் இருந்தது அதே மதகில்தான்.

தெருவையும் தரிப்பையும் ஒன்றாகவே கட்டிவிட்ட இடம் ஒன்று குடாநாட்டின் மறுமுனையில் இன்னும் நிற்கிறது. பருத்தித்துறையில் தும்பளைப் பக்கம் போகிற தெருவில் உள்ள தெருமூடி மடம். மடங்கள் தெருவோரத்தில் இருக்கும். இது தெருவின் மேலேயே இருக்கிறது. கல் தூண்கள், மேலே கூரை, நடுவால் தெரு போகிறது, இரு பக்கமும் உயர்ந்த திண்ணைகள். வெயிலில் வருகிறவர் நாலு அடி நிழலில் நடந்துதான் மறுபக்கம் போக வேண்டும். கால் களைத்திருந்தால் நடையை விட்டு ஏறித் திண்ணையில் படுக்கலாம். கட்டியவர்கள் வண்டியையும் தடுக்கவில்லை. நடுவால் போ, ஆனால் ஆக்கள் இளைப்பாறுகிற இடத்துக்குள்ளால் போகிறாய் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு போ என்பது போல ஓர் ஏற்பாடு.

*

யாழ்ப்பாணத்துத் தெருக்கள் திரும்பவும் நடக்கிறவர்களுடையவையாக மாறிய காலம் ஒன்று இருந்தது. யாரும் விரும்பி வந்த காலம் அல்ல. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்கவில்லை. பழைய கார்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. மற்றபடி சைக்கிளும் கால்நடையும்தான். அந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரு என்றால் சைக்கிள் மணிச் சத்தம்.

பிறகு 1995 ஒக்டோபர் 30. இராணுவம் வலிகாமத்துக்குள் முன்னேறிக்கொண்டிருக்க, எல்லாரும் வெளியேறும்படி அறிவித்தல் வந்தது. மழை இரவில் லட்சக்கணக்கானோர் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நடந்தார்கள். சாதாரண நாளில் சைக்கிளில் கெதியாகக் கடந்துவிடக்கூடிய தூரத்துக்கு மணித்தியாலக் கணக்கு எடுத்தது. தெரு முழுக்கத் தலைகள், தலைகளில் மூட்டைகள். இறக்கி வைக்க இடம் இல்லை. நடக்கிறவர்களால் நிரம்பிய தெரு என்று சொன்னதும் அந்தத் தலைமுறைக்கு முதலில் நினைவு வருவது இதுதான்.

*

மற்ற நாடுகளில் தெருவை நடக்கிறவர்களுக்கு மீட்டுக் கொடுத்தது வேறு விதமாக நடந்தது. நெதர்லாந்தில் போரில் குண்டு விழுந்து அழிந்த ரொட்டர்டாம் நகரம் 1953இல் லைன்பான் என்ற கடைத்தெருவை வாகனம் இல்லாமலே கட்டியெழுப்பியது. கோப்பன்ஹேகன் 1962 நவம்பரில் ஸ்ட்ரோயெட் தெருவைப் பரீட்சார்த்தமாக வாகனங்களுக்கு மூடியது. இந்தக் குளிரில் யார் தெருவில் நடப்பார்கள், கடைகள் படுத்துவிடும் என்று வியாபாரிகள் கொதித்தார்கள். கடைகள் படுக்கவில்லை, தெரு இன்றுவரை திறக்கப்படவும் இல்லை. பிரேசிலின் குரிச்சிபா நகரத்தில் மேயர் ஜைமே லெர்னர் 1972இல் வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலையைத் தொடங்கி 72 மணித்தியாலத்தில் முக்கிய தெருவை நடைபாதையாக்கிவிட்டார். வழக்குப் போட நேரம் கொடுக்காத உத்தி அது. கார்க்காரர்கள் திரும்பப் பிடிக்க வந்தபோது, தெரு நீளத்துக்கு விரித்த தாளில் பிள்ளைகள் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தார்கள். சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகன்ற நடைபாதை வளாகம் திறந்தார்கள். எங்கே பார்த்தாலும் முதலில் சண்டை, பிறகுதான் நடை.

நல்லூரில் சண்டையே இல்லை. காரணம் எளிது: தெருவைக் கேட்பவர் முருகன்.

தமிழில் 'வீதி' என்ற சொல்லுக்குக் கோயிலோடு உள்ள உறவை இங்கே நினைக்க வேண்டும். உள்வீதி, வெளிவீதி, வீதியுலா. மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி; திருவிழா நடக்கும் மாதமே தெருவின் பெயர். சித்திரை வீதிகளில் இப்போது வாகனங்களுக்குத் தடை. சுவாமி வருவதற்காக அகலமாகவும் நேராகவும் போட்ட தெருக்கள் இவை. சுவாமி ஆறுதலாகத்தான் வருவார். வழியில் தரித்துத் தரித்துத்தான் வருவார்.

நல்லூர்க் கோயிலை 1621இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா இடித்தார். இப்போதுள்ள கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், குருக்கள் வளவு என்ற இடத்தில் எழுந்தது. இரகுநாத மாப்பாண முதலியாரின் வழிவந்தவர்களே இன்றும் அதை நடத்துகிறார்கள். நேரம் தவறாத பூசைக்கும் ஒரு ரூபா அருச்சனைக்கும் பெயர் பெற்ற கோயில். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேறும். 25ஆம் நாள், ஆவணி அமாவாசையில், தீர்த்தம். அதற்கு முதல் நாள் தேர். அதற்கு முந்திய பின்னேரம் சப்பரம்.

கொடியேறுவதற்கு முன்பே கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தடை வேலி விழுந்துவிடும். பருத்தித்துறை வீதியால் வரும் வாகனங்கள் சுற்றுவழியால் திருப்பிவிடப்படும். பண்டத்தரிப்பில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்த குடும்பம் இதற்கு மேல் இறங்கித்தான் ஆக வேண்டும். அக்கம் பக்கத்து வீட்டு முற்றங்கள் எல்லாம் இந்த நாட்களில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு நிலையங்கள். காசைக் கொடுத்து, துண்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கினால், வேலிக்கு அப்பால் செருப்பும் கழன்றுவிடும்.

காலுக்கு மணல் படுகிற அந்த நொடியில் நடை மாறுகிறது. தார் றோட்டில் யாரும் பழக்கத்தில் ஓரமாகப் போவார்கள். இங்கே முதல் நாலைந்து அடி அதே பழக்கத்தில் ஓரத்தால் போய், பின்னால் ஹோர்ன் வராததை உணர்ந்து, மெல்ல நடுத்தெருவுக்கு வருகிறார்கள். பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்திருந்த தாய் பிடியைத் தளர்த்துகிறாள். பிள்ளை ஓடுகிறது. "ஓடாதை" என்று கத்துகிறாள், ஆனால் துரத்திப் போகவில்லை.

விடியற்காலையில் வந்தால் காட்சி வேறு. ஈர மணலில் ஆண்கள் பிரதட்டை அடிக்கிறார்கள். உருண்டு வருகிறவருக்கு முன்னால் நடந்து கல், முள் பார்த்து ஒதுக்கிவிட ஒரு சொந்தக்காரர். பெண்கள் அடி அழிக்கிறார்கள், விழுந்து கும்பிட்டு, எழுந்து, கைபட்ட இடம்வரை நடந்து, திரும்ப விழுந்து. தேரன்று தூக்குக் காவடிகள் வரும். பின்னேரமானால் தெரு கடைத்தெருவாகும். கச்சான் கடைகளின் வரிசை, வறுக்கிற மணம், தும்பு மிட்டாய், ஊதுகுழல், காப்பு, பிளாஸ்ரிக் சாமான். தண்ணீர்ப் பந்தலில் மோர். வெளிநாட்டில் இருந்து வந்த குடும்பம் ஒன்று நடுத்தெருவில் நின்று முப்பது வருடத்துக்கு முந்திய பள்ளித் தோழனை அடையாளம் பிடிக்கிறது. கோயில் கும்பிட்டு முடித்தவர்கள் ஐஸ்கிறீம் கடைக்குப் போவதும் இப்போது திருவிழாக் கிரியைகளில் ஒன்றாகிவிட்டது. அதைச் செய்யாமல் பிள்ளைகள் வீடு திரும்ப மாட்டார்கள்.

குறையும் உண்டு. முழங்கால் நோக்காடு உள்ள முதியவருக்குத் தடை வேலியில் இருந்து கோயில் வாசல் நெடுந்தூரம். வேலிக்குள் வீடு உள்ளவர்களுக்குக் கல்யாணம், செத்தவீடு எதுவானாலும் வாகனம் ஒரு பிரச்சினை. ஒலிபெருக்கியின் கீழ் 25 நாள் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் பாட்டையும் யோசிக்க வேண்டும். ஆனாலும் "இந்த முறை றோட்டை மூட வேண்டாம்" என்று யாரும் சொல்வதில்லை.

தீர்த்தம் முடிந்து, பூங்காவனமும் முடிந்து, வைரவர் மடையோடு எல்லாம் அடங்கும். கச்சான் கடைக்காரர் தட்டிகளைக் கழற்றி லான்ட்மாஸ்ரரில் ஏற்றுகிறார். தடை வேலியைக் கழற்ற ஆக்கள் வருகிறார்கள். கட்டை கழன்று ஐந்து நிமிடம் ஆகவில்லை, எங்கேயோ காத்துக்கொண்டிருந்தது போல ஓர் ஓட்டோ வந்து மணலில் சில்லுப் பதித்துக்கொண்டு போகிறது. நடுத்தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் கதையை நிறுத்தாமலே ஓரத்துக்கு நகர்கிறார்கள்.

பஸ் நிலையத்தில் கொண்டக்டர் வலிகாமத்தின் பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கிக்கொண்டிருக்கிறார்: ஓட்டுமடம், ஆறுகால்மடம், ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய், பண்டத்தரிப்பு. மடியில் கச்சான் பையோடு யன்னல் பக்கம் இருந்த சிறுவனின் விரலிடுக்கில் இன்னும் மணல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி, அதைத் தட்டிவிடுகிறான்.